அடி சுடாத பித்தளை

இப்போதெல்லாம் மனிதன் வாயால் சொல்வதற்கு ஒரு மதிப்பும் கிடையாது என்பது பூதலிங்கத்தின் நெடுநாள் எரிச்சல். பால்காரன் நாளை முதல் தண்ணீர் கலக்க மாட்டேன் என்றால் போதாது, வில்லை அடி என்கிறார்கள். பெண் பார்க்க வந்தவன் குடிப்பழக்கம் இல்லை என்றால் போதாது, பெண்ணின் சித்தப்பா பையிலிருந்து கையச்சை எடுத்துத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். வில்லை என்பது காலணா அகலத்தில் ஒரு பித்தளை வட்டம். அதைக் கையச்சில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த கையோடு நறுக்கென்று அழுத்தினால், சொன்ன சொல் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எப்போது தகராறு வந்தாலும் காதுப்பெட்டிக் கடையில் கொடுத்தால், பெட்டி அதை இருமல் ஏப்பம் உட்பட அப்படியே திருப்பிச் சொல்லும். பனைமுனையில் டீக்கடைகளைவிடக் காதுப்பெட்டிக் கடைகள் அதிகம். சாயங்காலம் சீக்கிரம் வருகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்வதற்குக்கூட வில்லை அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற ஆண்பிள்ளைகளை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"வெக்கங்கெட்ட பயலுவ" என்று வாய்விட்டே சொன்னார்.

விசாரணைக் கமிஷன் மண்டபத்தின் வாசலில் நின்ற டவாலி திரும்பிப் பார்த்தான். "யாரச் சொல்லுதீரு பெரியவரே?"

"ஒம்மையும் சேத்துத்தான். காலையில இருந்து பாக்கேன், உள்ள போறவன் ஒருத்தன் விடாம வில்லை அடிச்சு வாங்குதீரு. சத்தியமாச் சொல்லுதேன்னு ஒருத்தன் சொன்னா அது காணாதோ?"

"சட்டம் அப்படி. உமக்கும் அடிக்கணும். சொல்லும், நான் சொல்வதெல்லாம் உண்மைன்னு."

"உள்ள போயி ஜட்ஜு மொகத்தப் பாத்துச் சொல்லுதேன். அவருக்குக் காது இருக்குல்லா?"

டவாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, தானே இரண்டு விரலால் அச்சை அழுத்திவிட்டான். அந்த வில்லைக்குள் கிழவரின் ஏச்சுதான் போயிருக்கும்.

பழைய சுங்க மண்டபத்தில் கமிஷன் உட்கார்ந்து அது மூன்றாவது வாரம். ஐந்து மாதங்களுக்கு முன், இரட்டை ஷிப்டு பார்க்க முடியாது என்று ஏழாம் நம்பர் ஜெட்டியில் உட்கார்ந்திருந்த தொழிலாளிகள்மீது துறைமுகக் காவல் படை சுட்டது. கிரேன் ஓட்டும் குருசம்மாள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். பதினொரு பேருக்குக் காயம். உத்தரவு எதுவும் கொடுக்கப்படவில்லை, ஏட்டு ஏசுவடியான் தன்னிஷ்டத்துக்கு முதலில் சுட்டான், அதைக் கண்டு பதறி மற்றவர்கள் சுட்டார்கள் என்று படைத் தளபதி எழுதிக் கொடுத்துவிட்டார். ஏசுவடியான் அன்றிலிருந்து உள்ளே இருக்கிறான். தளபதி சொன்னது நின்றால் அவனுக்கு ஆயுள் தண்டனை. அவன் மனைவி கமிஷன் நடக்கும் நாளெல்லாம் மண்டபத்தின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

பூதலிங்கத்துக்கு ஏசுவடியானைத் தெரியும். படையின் ஆயுதக் கிடங்கில் நாற்பது வருடம் லேத்து ஓட்டியவர் அவர். ரிவால்வரைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் விசையை இளக்கிக் கொடுங்கள், தொட்டால் வெடிக்க வேண்டும் என்பார்கள். "அண்ணாச்சி, இது ரொம்ப லேசா இருக்கு, பயமா இருக்கு, கொஞ்சம் இறுக்கிக் குடுங்க" என்று வந்து நின்றவன் ஏசுவடியான் ஒருவன்தான். அப்படிப்பட்டவன் தன்னிஷ்டத்துக்குச் சுட்டான் என்று யார் சொன்னாலும் அவர் நம்பத் தயாராயில்லை. பொதுவாகவே அவர் எதையும் நம்பத் தயாராயில்லாத மனிதர். எழுபத்தொரு வயதுக்குள் அதை ஒரு தொழிலைப் போலப் பழகி வைத்திருந்தார்.

அவரைக் கமிஷன் கூப்பிட்டது இந்த வழக்கைப் பற்றி அபிப்பிராயம் கேட்க அல்ல. வெற்றுத் தோட்டாக்கூடுகளை நெருப்பில் சுட்டது நீர்தானே என்று கேட்டு, ஆமாம் என்று எழுதிக்கொள்வதற்கு. ஐந்து நிமிட வேலை என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளை இசக்கிராஜ், ஆயுதக் கிடங்கின் சூப்பிரண்டு. பூதலிங்கத்தின் ஒரே மகள் முத்துப்பேச்சியைக் கட்டிப் பதினாறு வருடம். ஜெட்டியில் சூடு நடந்த மறுவாரம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "மாமா, ஒரு ஒத்தாச வேணும்" என்றார்.

"மொதல்ல உள்ள வாங்க மாப்ள. வாசல்ல நின்னு கேக்குத ஒத்தாச எதுவும் உருப்படாது."

சங்கதி இதுதான். படகுக் காவல்காரர்களிடம் இருப்பது பழைய குட்டை ரிவால்வர். அதற்கான தோட்டா ஏற்றிவரும் கப்பல் நின்று ஒரு வருடம் ஆகிவிட்டது. ஜெட்டிக் காவலர்களின் புது ரிவால்வருக்கு நீளத் தோட்டா. அதன் வெற்றுக்கூடுகள் கிடங்கில் மூட்டைகளாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு கூட்டின் அடியிலும் எண் வெட்டியிருப்பதால் எதையும் உருக்கக் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. ஆனால் வேறு ரிவால்வருக்குத் தோதாக மாற்றிக்கொள்ளச் சிக்கன விதியில் இடமுண்டு. நீளத்தை வெட்டி, விளிம்பை மெலித்து, வாயைப் பதப்படுத்தி, குட்டை அச்சில் கொடுத்து அழுத்தினால் படகுக்காரர்களுக்கு ஆகும்.

"அதான் பல்லக்கு மாதிரி ஒரு மிஷினு வாங்கிப் போட்டிருக்கீயளே" என்றார் பூதலிங்கம்.

"அது புதுக்கூடுதான் அடிக்கும் மாமா. பழசத் தொட்டா கடிச்சுத் துப்பிருது. இதுக்கு ஒங்க கைதான் சரி. ஒங்க கைய மாதிரி இன்னொரு கை இந்தத் துறைமுகத்துல இல்லன்னு தளபதியே சொன்னாரு."

யாரையும் நம்பாத மனிதர் தன் கையை மட்டும் நம்பினார். அந்தக் கையைப் புகழ்ந்தவரை எப்படிச் சந்தேகப்படுவது? மறுநாளே போய்விட்டார்.

மொத்தம் அறுநூறு கூடுகள். எண் வரிசைப்படி எடுத்து வைத்து வேலை தொடங்கிய இரண்டாம் நாள், மாப்பிள்ளை ஒரு மின்னடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாமா, கூட்ட முழுசா இதுக்குள்ள போட்டு நல்லாச் சுட்டு எடுத்துருங்க. மேலிடத்து உத்தரவு."

"எந்த மேலிடத்துப் பய சொன்னான்? வாயச் சுட்டாத்தான் இளகி அச்சுக்கு மடங்கிக் குடுக்கும். அடிய சுட்டோமுன்னு வைங்க, வெண்ண மாதிரி ஆயிரும். சுடுத நேரத்துல பிதுங்கி அவன் கையில வெடிக்கும். விரலு இருக்காது."

"சரி மாமா. அவங்க சொல்லுதாங்க, நாம எழுதி வச்சிருவோம். முழுசாச் சுட்டாச்சுன்னு."

பூதலிங்கம் தலையை ஆட்டினார். தலையை ஆட்டிவிட்டுத் தன் வழியில் செய்வது அவருடைய நாற்பது வருடப் பழக்கம். மேலதிகாரியோடு வாதாடினால் டீ ஆறிப்போகும், வேறு பலன் இல்லை. மாப்பிள்ளை போனதும் ஒரு தட்டையான தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றினார். கூடுகளை வரிசையாக நிறுத்தினார். அடிப்பாதி தண்ணீருக்குள், வாய் மட்டும் வெளியே. பிறகு தீக்குழாயை எடுத்து வாய்களுக்கு மாத்திரம் சூடு காட்டினார். ஆறியபின் அச்சில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினார். மேலிடத்து அடுப்பு சும்மா கிடக்கக் கூடாதென்று அதில் மத்தியானம் சோற்றைச் சூடு பண்ணிக்கொண்டார். அதைத் தினமும் தூக்குவாளியில் கொண்டுவந்தவள் முத்துப்பேச்சி. அவள் வந்தால் மாப்பிள்ளையும் வருவார். இருவரும் அச்சுக்கு அந்தப்புறம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நாற்பது வருட லேத்துச் சத்தத்தில் பூதலிங்கத்துக்கு ஒரு காது போய், மற்றதும் அரைக்காதுதான். புருஷன் பெண்டாட்டி பேச்சு நமக்கு எதற்கென்று அவரும் இருந்துவிடுவார். கடைசி நாள் மாப்பிள்ளை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. காட்டிய இடத்தில் போடுவதற்கு அது போதும்.

"பூதலிங்கம்! பூதலிங்கம்! பூதலிங்கம்!" என்று டவாலி கூப்பிட்டான்.

உள்ளே மேடையில் நீதிபதி. இடதுபக்கம், கம்பித்தடுப்புக்குப் பின்னால் ஏசுவடியான். ஐந்து மாதத்தில் பாதியாக இளைத்திருந்தான். முன் வரிசையில் சீருடையோடு மாப்பிள்ளை. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளித் தளபதி. ஓரத்து மேசையில் பெரிய காதுப்பெட்டியோடு ஜெபக்கனி என்ற பெண் இஞ்சினியர்.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பெரியவரே, ஜெட்டியில் சுட்ட கூடுகளும் நீங்கள் மாற்றிய அறுநூறில் கலந்துவிட்டன. கலந்திருக்கக் கூடாது. அதற்கு வருத்தம் தெரிவித்துச் சூப்பிரண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். முழுக்கூடும் அடுப்பில் சுடப்பட்டது என்று பதிவேட்டில் இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. ஆமாம் என்றால் நீங்கள் போகலாம்."

"என்னது முழுக்கூடு?"

"முழுக்கூடும். வாய், அடி, எல்லாம்."

பூதலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன் எழுதுனான் அத? எந்தக் கூமுட்டப் பய எழுதுனான்? அடிய சுட்டா கூடு வெடிக்கும்யா! நாப்பது வருசமா இந்தத் தொழில் பாக்கேன், என் கூடு வெடிச்சு எவன் விரலாவது போச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். வாயத்தான் சுட்டேன். அடி தண்ணிக்குள்ள நின்னுச்சு. சூடே தட்டல."

மாப்பிள்ளை குனிந்து தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தளபதி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

ஜெபக்கனி எழுந்து நின்றாள். "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மொதல்ல வாயச் சுட்டீங்க. பெறகு அச்சுல அழுத்தினீங்க. அழுத்தம் வாய்க்கு மட்டும்தானா, அடிக்குமா?"

"அடிய எதுக்கும்மா அழுத்தணும்? அது இருக்குத மாதிரி இருக்கணும்."

"கடவுளே!" என்று அவள் தனக்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பிறகு நீதிபதியிடம் திரும்பினாள். "ஐயா, பித்தளை எப்பவும் நடுங்கிக்கிட்டே இருக்கும். பக்கத்துல யார் பேசினாலும் நடுங்கும். ஓங்கி ஒரு அடியோ அழுத்தமோ கெடைச்ச நொடியில, அதுக்கு முந்தின பத்து நொடி நடுக்கம் அப்படியே உறைஞ்சுபோகும். வில்லை வேலை செய்றது அதனாலதான். தோட்டா வெடிக்கிறப்பவும் அதேதான் நடக்குது. நெருப்புல காட்டினா எல்லாம் மறந்துரும். இந்தக் கூடுகளப் பெட்டியில வச்சப்ப வெறும் இரைச்சல்தான் கேட்டுச்சு. வெந்துபோச்சுன்னு நெனச்சேன். இப்பத்தான் புரியுது. அது ரெண்டு பேச்சு ஒண்ணுமேல ஒண்ணு ஏறின இரைச்சல். அடியில ஜெட்டி இருக்கு. வாயில இவர் அச்சு போட்ட எடம் இருக்கு. தனித்தனியா கேக்கலாம். ஒரு மணி நேரம் குடுங்க."

நீதிபதி ஒரு மணி நேரம் ஒத்திவைத்தார்.

வராந்தாவில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து பிடித்துக்கொண்டார். "மாமா, உள்ள போயி ஒரு வார்த்த மாத்திச் சொல்லிருங்க. வயசாயிட்டு, ஞாபகம் பெசகிட்டுன்னு. நீங்க அப்படிச் சொன்னா, அடி சுடாததுன்னு சொல்ல ஆதாரம் கெடயாது. அந்தப் பொம்பள கேக்குத சத்தத்தையும் கலப்படம்னு வக்கீலு தள்ளிருவாரு."

"அடுப்பக் கொண்டாந்து வச்சது இதுக்குத்தானா?"

"மாமா..."

"கூட்டுக்கு இல்ல. கூட்டுக்குள்ள கெடந்த பேச்சுக்கு. ஒங்க கைய மாதிரி கை உண்டுமான்னு வந்து நின்னது அதுக்குத்தானா?"

மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கேக்கேன்லா. நீ இதுல இருக்கியா?"

பதினாறு வருடத்தில் அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இசக்கிராஜுக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

"தளபதி சொன்னாரு. மாட்டேன்னா என்னயக் கொண்டுபோயி மண்ணுத்தீவுல போட்ருவாரு. குவாட்டர்ஸ் போயிரும். இப்ப நீங்க சொன்னது நின்னுச்சுன்னா எனக்கு வேலையும் போயி ஜெயிலும் உண்டு. ஒங்க மவ தெருவுல நிப்பா. அது ஒங்களுக்குச் சம்மதமா?"

"அங்கன ஒருத்தன் செய்யாத குத்தத்துக்கு ஆயுசு பூரா கெடக்கப் போறான்."

"அவன் ஒங்களுக்கு யாரு? நான் யாரு?"

பூதலிங்கம் பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"முத்துப்பேச்சிக்கா? சேச்சே. அவளுக்கு என்ன தெரியும்? பாவம்."

அந்த ஒரு சொல் கிழவருக்குத் தெம்பு கொடுத்தது. மாப்பிள்ளை சொன்ன அத்தனையிலும் அதை மட்டும் அவர் நம்பினார். கீழத்தெருவில் அவருக்கு இரண்டு அறை வீடு இருக்கிறது. மகள் அங்கே வந்து இருக்கட்டும். அழுவாள், கோபப்படுவாள், ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். ஆனால் தன் தகப்பன் கையை வைத்து ஒருவனை ஆயுசுக்கும் உள்ளே தள்ளப் பார்த்தார்கள் என்று தெரிந்தால் அவள் தகப்பன் பக்கம்தான் நிற்பாள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"பெரியவரே, காலையில் சொன்னதில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

பூதலிங்கம் கம்பித்தடுப்பைப் பார்த்தார். ஏசுவடியான் அவரைப் பார்க்கவில்லை. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. அடி சுடல."

ஜெபக்கனி ஒரு கூட்டைக் குறட்டால் எடுத்துக் காட்டினாள். "எண் இருபத்தேழு. ஏசுவடியானோட ரிவால்வர்ல மொதல்ல வெடிச்சது. அடிப்பகுதி மட்டும்." பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

முதலில் அலைச் சத்தம் கேட்டது. தூரத்தில் நிறையப் பேர் சேர்ந்து கை தட்டினார்கள். பிறகு மிகப் பக்கத்தில் ஒரு குரல். "ஏசுவடியான், சுடு."

"ஐயா, முன்னால பொம்பளையாளு நிக்கி..."

"ஒன்னியத்தான். சுடுதியா, ஒன் தொப்பியக் கழத்தவா? சுடுலே!"

அவ்வளவுதான். அதற்குமேல் பித்தளைக்கு ஒன்றும் தெரியாது.

அது யாருடைய குரல் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தளபதியைத்தான் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஏசுவடியானின் மனைவி எழுந்து நின்று, உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாள். ஏசுவடியான் மட்டும் சந்தோஷப்படவில்லை. விலங்கு போட்ட இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டான். யார் சொல்லியிருந்தால் என்ன, முன்னால் பெண் நிற்கிறாள் என்று தெரிந்து சுட்டவன் அவன்தான். அது வெளியே வந்துவிட்டது.

தளபதியின் வக்கீல் குதித்து எழுந்தார். இரண்டு ஒலியும் பிரிந்துதான் இருக்கின்றன என்பதற்கு என்ன ருசு, இது அச்சுப் போட்ட இடத்தில் யாரோ நடித்துப் புகுத்தியது என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"அப்படியானால் வாய்ப்பகுதியையும் கேட்டுவிடுவோம்" என்றார் நீதிபதி.

ஜெபக்கனி கூட்டைத் திருப்பி வைத்தாள்.

அச்சின் கைப்பிடி இறங்கும் கிறீச் ஒலி. அது தன் அச்சுதான் என்று பூதலிங்கத்துக்கு உடனே தெரிந்தது. எண்ணெய் போட்டும் போகாத கிறீச். அதற்குப் பின்னால் மாப்பிள்ளையின் குரல், சாவகாசமாக, சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு பேசுகிற குரலாக வந்தது. "கையெழுத்து அவருதான போடப்போறாரு. நாளைக்கு ஏதும் வந்தா கெழவன் தப்பாச் சுட்டுட்டான்னு அவரு தலையிலயே போட்டு முடிச்சிருவாங்க."

ஒரு நொடி எதுவுமில்லை. பிறகு ஒரு பெண் குரல்.

"எழுவது வயசுக்கு மேல உள்ள ஆள ஜெயில்ல போட மாட்டாங்கன்னு சொன்னீயள்லா? நெசந்தான?"

கிறீச். நின்றுவிட்டது.

பெட்டியின் உதவியில்லாமலே அவருக்கு அந்தக் குரல் தெரியும். நெசந்தான என்று கடைசியில் லேசாக ஏற்றிக் கேட்பது. ஊசி போட்டால் வலிக்காது என்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் சொன்னபோது, நாலு வயதில், இதே மாதிரித்தான் கேட்டாள்.

நீதிபதி அவரிடம் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோது, "ஆமா, எங்க வீட்டுப் பேச்சுத்தான்" என்றார். பிறகு இறங்கி, யாரும் போகச் சொல்வதற்கு முன்னால் வெளியே நடந்தார்.

வராந்தாவில் ஏசுவடியானின் மனைவி ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, நீங்க நல்லாயிருக்கணும். எங்க சாமி நீங்க."

"கைய விடு தாயி. நான் ஒன் புருசனுக்காவச் சொல்லல. அடிய சுட்டேன்னு எழுதி வச்சிருந்தானுவ, அதுக்காவச் சொன்னேன்" என்றார். அது பாதிதான் உண்மை. ஆனாலும் கும்பிடுகிறவர்களை அவரால் தாங்க முடியாது.

படிக்கட்டில் முத்துப்பேச்சி நின்றுகொண்டிருந்தாள். மண்டபத்துக்கு வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது.

"எப்பா, முழுசாக் கேக்காமப் போவாதீங்கப்பா. நான் அதோட நிறுத்தல. அதுக்கப்புறம் வேண்டாம்னு சொன்னேன். எங்கப்பாவ இதுல இழுக்காதீய, வேற ஆளப் பாருங்கன்னு சொன்னேன். சண்ட போட்டேன். நீங்க அடுத்த கூட்ட அழுத்திக்கிட்டுதான இருந்தீங்க? அதுல இருக்கும். கேட்டுப் பாருங்கப்பா."

பின்னாலேயே ஜெபக்கனி மூச்சு வாங்க வந்துவிட்டாள். கையில் பதிவேட்டின் நகல். "ஐயா, அவங்க சொல்றது சரியா இருக்கலாம். எண் வரிசையிலதான அழுத்தினீங்க? அடுத்தது இருபத்தெட்டு. அத மட்டும் காணல. வெடிப்புன்னு எழுதியிருக்கு."

"ஆமா. அச்சுலயே கீறி வெடிச்சிட்டு. ஆவாதுன்னு தள்ளிட்டேன்."

"வெடிச்சாலும் பரவாயில்ல, பேச்சு இருக்கும். நானே எடுத்துத் தரேன், காசு வேண்டாம். எங்க போட்டீங்க?"

மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருபத்தெட்டு எங்கே கிடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அச்சு மேடைக்கு அடியில், வலதுகால் ஓரமாக, மூடியில்லாத பாமாயில் டின்னில். அதன்மேல் நாலைந்து லேத்துச் சுருளும் ஒரு உடைந்த அரமும் கிடக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கையை விட்டு எடுத்துவிடுவார்.

"முத்துப்பேச்சி" என்றார். "அந்தப் பேச்சு நடந்த பெறவு எத்தன நாளு சோறு கொண்டாந்த?"

"எப்பா..."

"ஒரு மாசத்துக்குக் கொறயாது. பக்கத்துல குத்தவச்சு இருந்து வெளம்புன. மோருக்கு உப்பு போதுமான்னு கேட்ட. கால் வீங்கியிருக்கே, எண்ணெ தேய்க்கவான்னு கேட்ட. எல்லாம் கேட்டியே."

அவள் அழத் தொடங்கினாள். "சொன்னா அவரு ஜெயிலுக்குப் போயிருவாரு. சொல்லாட்டி ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். ரெண்டு பேரையும் காப்பாத்தணும்னுதான்பா இருந்தேன். நான் வேண்டாம்னு சொன்னது நெசம். அந்தக் கூட்டக் கேட்டா தெரியும்."

"பித்தளை பொய் சொல்லாது ஐயா" என்றாள் ஜெபக்கனி மெதுவாக. "அவங்க சொன்னது உண்மையா இருந்தா, பெறகு நீங்க வருத்தப்படுவீங்க."

"உண்மையா இருந்தா அதுக்கு அஞ்சு மாசமாப் பித்தளைக்குள்ள என்னம்மா வேல?"

ஜெபக்கனி விடவில்லை. "எங்க போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஞாபகம் இல்ல" என்றார் பூதலிங்கம்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். வலதுபக்கம் போனால் ஆயுதக் கிடங்கு, நூறு அடிகூட இருக்காது. கதவு திறந்துதான் கிடந்தது. அவர் இடதுபக்கம் திரும்பி, மீன் ஏலக்கூடத்தின் ஈரத்தில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தார். பின்னால் மகள் எப்பா, எப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லியும் இருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம். ஏலக்கூடத்தைத் தாண்டும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தார். எதுவும் மனதில் ஒட்டவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் எட்டிப் போட்டார்.